கூட்டு கலைந்த பிறகு வரிக் கணக்கு

(நம் அறக்கட்டளை நடத்திய வணிகர் குடும்பக் கூட்டத்தில் வழிகாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

நம் மஹல்லாவில் கூட்டு வியாபாரம் பார்க்காத குடும்பம் குறைவு. காக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் துணிக்கடை, மாமனாரும் மருமகனும் சேர்ந்து வைத்த பாத்திரக் கடை, சென்னை மண்ணடியில் மூன்று நண்பர்கள் முதல் போட்டுத் தொடங்கிய ஹார்டுவேர் வியாபாரம் என்று பலவற்றை நாம் அறிவோம். சேர்ந்தவர்கள் ஒரு நாள் பிரிவதும் இயல்பு. பெரும்பாலும் சண்டை இல்லாமல்தான் பிரிகிறார்கள். ஜமாஅத் பெரியவர்கள் இருவர் உட்கார்ந்து, சரக்கை எண்ணி, வர வேண்டிய பாக்கியைப் பார்த்து, இவருக்கு இவ்வளவு, அவருக்கு இவ்வளவு என்று முடித்து வைக்கிறார்கள். ஸலாம் சொல்லிக் கை கொடுத்து எழுந்துவிடுகிறார்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களில் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வருகிறார். கையில் வரித்துறையின் நோட்டீஸ். "நான் அந்தக் கடையை விட்டு வந்து எவ்வளவோ நாளாச்சே, எனக்கு எதுக்கு இது?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வியைப் பல குரல்களில் நாங்கள் கேட்டுவிட்டோம். இன்று அதற்குத்தான் விடை சொல்ல வந்திருக்கிறோம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்களுக்குள் கணக்கு முடிந்தது அரசுக்குத் தானாகத் தெரியாது. நீங்கள் பங்குதாரராக இருந்த காலத்துக்கு நிறுவனம் கட்ட வேண்டிய வரி, நீங்கள் வெளியே வந்த பிறகும் உங்கள் பெயரோடு ஒட்டியிருக்கும். அது எந்தத் தேதியோடு நிற்க வேண்டும் என்பதை எழுத்தில் காட்டி, உரிய அலுவலகங்களுக்குத் தெரிவிப்பது வெளியே வருகிறவரின் வேலை.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் பிரிவு எண்கள் வேறு. ஆனால் 2026 மார்ச் 31 வரையிலான கணக்குகளுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். நாங்கள் சொல்லும் எண்கள் அந்தப் பழைய சட்டத்தின் எண்கள்.

குடும்பச் சொத்து என்ற நினைப்பு

நம்மில் பலர் "இது குடும்ப வியாபாரம், பத்திரம் எதற்கு?" என்கிறார்கள். இந்து சகோதரர்களுக்கு வரிச் சட்டத்தில் கூட்டுக் குடும்பம் என்ற தனி ஏற்பாடு உண்டு. அதற்குத் தனி பான் எண்ணே வாங்கலாம். நமக்கு அது கிடையாது. வாப்பாவும் மூன்று மகன்களும் ஒரே கல்லாவில் உட்கார்ந்தாலும், சட்டத்தின் பார்வையில் அது ஒருவரின் சொந்தக் கடையாக இருக்க வேண்டும், அல்லது எழுதப்பட்ட கூட்டு நிறுவனமாக இருக்க வேண்டும். பங்கு விகிதம் எழுதிய பத்திரம் இருந்தால்தான் பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளத்தை நிறுவனம் செலவாகக் கழிக்க முடியும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதுதான். சேரும்போது எழுதத் தவறியவர்கள் பிரியும்போதாவது எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

விலகலா, கலைப்பா?

மூன்று பேரில் ஒருவர் வெளியே வந்து, மற்ற இருவர் அதே கடையைத் தொடர்ந்தால் அது விலகல். நிறுவனம் உயிரோடு இருக்கிறது. மூவரும் சேர்ந்து கடையை மூடினால் அது கலைப்பு. இரண்டே பேர் இருந்த கூட்டில் ஒருவர் வெளியேறினால், மற்றவர் அதே கடையில் உட்கார்ந்திருந்தாலும் அது கலைப்புதான். தனி ஒருவர் கூட்டு நிறுவனமாக இருக்க முடியாது. அவர் தன் பெயரில் புது ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டும். கலைந்த நிறுவனத்தின் எண்ணில் பில் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. போட்டால் அந்த வியாபாரத்தின் வரி வெளியே போனவர் தலையிலும் வந்து விழலாம்.

ஆகவே பத்திரத்தில் இது விலகலா கலைப்பா, எந்தத் தேதி முதல் என்று தெளிவாக எழுதுங்கள். "சென்ற நோன்புப் பெருநாளோடு விலகிவிட்டேன்" என்பது நமக்குள் புரியும். அதிகாரிக்கு ஆங்கிலத் தேதி வேண்டும்.

கைக்கு வந்த பணம் எல்லாம் ஒரே வகை அல்ல

வெளியே வருகிறவர் தன் சொந்த வருமான வரிக் கணக்கில் எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்டினாலும் வரி இல்லை என்பதில்தான் அதிகக் குழப்பம். ஓர் உதாரணம் சொல்கிறோம்.

மூன்று பேர் கூட்டாக நடத்திய ஹார்டுவேர் கடை 2025 செப்டம்பர் 30 அன்று கலைகிறது. அதில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 25,000 வீதம் அவருடைய சம்பளம் 1,50,000 ரூபாய். அவர் போட்ட முதல் 8,00,000. பத்திரத்தின்படி அதற்கு 12 சதவீத வட்டி, ஆறு மாதத்துக்கு 48,000. லாபத்தில் அவர் பங்கு 90,000. கடைசியில் அவர் போட்ட முதலும் திரும்பி வந்தது.

இவற்றில் சம்பளமும் வட்டியும் அவருடைய வருமானம். இரண்டும் சேர்ந்து 1,98,000 ரூபாய். இது மாதச் சம்பளக்காரரின் சம்பளம் போல அல்ல, வியாபார வருமானமாகக் காட்ட வேண்டியது. லாபப் பங்கான 90,000 ரூபாய்க்கு நிறுவனம் ஏற்கனவே வரி கட்டிவிட்டது. நிறுவனத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். அடிப்படை விலக்கு என்று ஒரு ரூபாய்கூட அதற்குக் கிடையாது. அதனால் அந்தப் பங்குக்குப் பிரிவு 10(2ஏ)-ன்படி அவர் மறுபடி வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் ரிட்டர்னில் வரிவிலக்குப் பெற்ற வருமானம் என்ற பகுதியில் அதைக் குறிக்க வேண்டும். திரும்பி வந்த முதல் 8,00,000 வருமானமே அல்ல. அது அவர் பணம்.

அடுத்தது டி.டி.எஸ். 2025 ஏப்ரல் 1 முதல் 194டி என்ற புதிய பிரிவு வந்திருக்கிறது. ஓராண்டில் பங்குதாரருக்குச் சேரும் சம்பளம், வட்டி, கமிஷன், போனஸ் ஆகியவை 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். கையில் கொடுத்தால்தான் என்று இல்லை, அவர் பெயரில் வரவு வைத்தாலே பிடிக்க வேண்டும். நம் உதாரணத்தில் பிடித்த தொகை 19,800.

இவர் அக்டோபர் முதல் சொந்தமாகச் சிறு கடை வைத்து, மார்ச் வரை 3,00,000 ரூபாய் வருமானம் காட்டுகிறார் என்று வைப்போம். ஆண்டு வருமானம் 4,98,000. புதிய வரிமுறையில் 2025-26ஆம் ஆண்டுக்கு இத்தகைய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி கிடைத்து வரி ஒன்றும் வராது. எனவே பிடித்த 19,800 ரூபாயும் அவருக்குத் திரும்ப வர வேண்டிய பணம். ரிட்டர்ன் போட்டால் வரும், போடாவிட்டால் அரசிடமே தங்கிவிடும். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியிருப்பதால் அவர் ரிட்டர்ன் போடுவது கடமையும்கூட.

எந்தப் படிவம்? நிறுவனத்திலிருந்து சம்பளமோ வட்டியோ பெற்ற ஆண்டுக்கு ஐ.டி.ஆர். 3. ஆறு மாதம்தான் பங்குதாரராக இருந்தேன் என்றாலும் அந்த ஆண்டுக்கு அதுதான். சம்பளக்காரர்களின் ஐ.டி.ஆர். 1-ஐயோ, சிறு கடைக்காரர்களின் ஐ.டி.ஆர். 4-ஐயோ போடக் கூடாது. நிறுவனத்தின் பான் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். நிறுவனத்துக்குத் தணிக்கை கட்டாயம் என்றால் பங்குதாரரின் கெடு தேதியும் அக்டோபர் 31. அடுத்த ஆண்டு முதல் உங்கள் புதிய தொழிலுக்கு ஏற்ற படிவத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

சொந்தக் கடை வைப்பவருக்கு இன்னொரு சொல். கூட்டில் இருந்தபோது வரியை நிறுவனத்தின் ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். இனி முன்கூட்டிக் கட்டும் வரியும் உங்கள் பொறுப்பு. டி.டி.எஸ். போக 10,000 ரூபாய்க்கு மேல் வரி வரும் என்று தெரிந்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிகளில் தவணையாகக் கட்ட வேண்டும். விற்பனையில் 8 சதவீதம் அல்லது 6 சதவீதம் லாபம் காட்டும் எளிய முறையில் இருப்பவர்களுக்கு மார்ச் 15 ஒன்றே போதும். தரகும் கமிஷன் ஏஜென்சியும் செய்பவர்களுக்கு அந்த எளிய முறை கிடையாது.

நாம் வாங்காத வட்டி

இது நம் சமுதாயத்துக்கே உரிய சிக்கல், அதனால் தனியாகச் சொல்கிறோம். போட்ட முதலுக்கு வட்டி வாங்குவதை நம்மில் பலர் விரும்புவதில்லை. ஆனால் பத்திரம் எழுதுகிறவர்கள் ஓர் அச்சடித்த மாதிரியை வைத்துக்கொண்டு, "முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி" என்ற வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். 12 சதவீதம் வரை நிறுவனம் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் அது. பங்குதாரர் படிக்காமல் கையெழுத்து வைக்கிறார். ஆண்டு முடிவில் அவர் பெயரில் வட்டி வரவு வைக்கப்படுகிறது. அவர் கண்ணால் பார்க்காத அந்த வட்டிக்கு டி.டி.எஸ். பிடிக்கப்படுகிறது. அவருடைய ரிட்டர்னில் அதைக் காட்டவில்லை என்று நோட்டீஸும் வருகிறது.

உங்கள் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். வட்டி வேண்டாம் என்றால் அந்த வரியை நீக்கித் திருத்தப் பத்திரம் எழுதலாம், லாப விகிதத்தையோ சம்பளத்தையோ மாற்றிக்கொள்ளலாம். ஏற்கனவே வரவு வைத்த ஆண்டுகளுக்கு அதை வருமானமாகக் காட்டுவதைத் தவிர வழியில்லை. "நான் வாங்கவில்லை" என்ற சொல் பேரேட்டின் முன் நிற்காது.

சரக்கைப் பிரித்தாலும் வரி உண்டு

கடை மூடும்போது பணமாகப் பிரிப்பதைவிடச் சரக்காகவும் இடமாகவும் பிரிப்பதுதான் நம் வழக்கம். "விற்கவே இல்லையே, வரி எங்கிருந்து வரும்?" என்று கேட்பார்கள். 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் 9பி என்ற பிரிவு வந்தது. கலைப்பின்போதோ பங்குதாரர்கள் மாறும்போதோ நிறுவனத்தின் சரக்கையோ சொத்தையோ ஒரு பங்குதாரர் எடுத்துக்கொண்டால், சந்தை விலைக்கு நிறுவனம் அவருக்கு விற்றதாகவே அது கருதும்.

கணக்கில் 6 லட்சம் விலையுள்ள சரக்கு, சந்தையில் 9 லட்சம் பெறும் என்றால் நிறுவனத்துக்கு 3 லட்சம் லாபம். அதற்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 93,600 ரூபாய். சரக்கு போய்விட்டது, கல்லாவில் பணம் இல்லை, ஆனால் வரி நிற்கிறது. சொந்த இடம் ஒன்றை முப்பது ஆண்டுக்கு முன் நிறுவனத்தின் பெயரில் வாங்கிப் போட்டிருந்தால் தொகை இதைவிடப் பல மடங்கு. அதைப் பெற்றுக்கொள்பவர் சந்தை மதிப்புச் சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் விற்கும்போது "உங்களுக்கு இது என்ன விலைக்கு வந்தது?" என்ற கேள்வி வரும்.

விலகலில் இன்னொரு விதி. ஒருவருடைய கணக்கில் 10 லட்சம் இருக்க, நற்பெயரையும் கடையின் மதிப்பையும் சேர்த்து 14 லட்சம் கொடுத்து அனுப்பினால், அந்த 4 லட்சத்துக்குப் பிரிவு 45(4)-ன்படி தொடர்ந்து நடத்தும் நிறுவனம் வரி கட்ட வேண்டும். இந்த வரியை யார் சுமப்பது என்று முன்பே பேசி எழுதாததால், சமாதானமாகப் பிரிந்தவர்கள் பிறகு பேச்சுவார்த்தை அறுந்து நிற்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

நட்டம் வந்திருந்தால்? நிறுவனத்தின் வியாபார நட்டத்தைப் பங்குதாரர் தன் சொந்தக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. அது நிறுவனத்தின் நட்டம்.

நிறுவனத்தின் வரி உங்கள் வாசலுக்கு வரும் வழி

இப்போது அந்த நோட்டீஸுக்கு வருவோம். பிரிவு 188ஏ சொல்வது இதுதான்: ஓர் ஆண்டில் ஒருவர் பங்குதாரராக இருந்தால், அந்த ஆண்டுக்கு நிறுவனம் கட்ட வேண்டிய வரிக்கும் அபராதத்துக்கும் நிறுவனத்தோடு சேர்ந்து அவரும் பொறுப்பு. பிரிவு 189 கலைந்த நிறுவனத்தைப் பற்றியது. கலைந்தாலும், கலையாதது போலவே அதிகாரி வரியை நிர்ணயிக்கலாம். கலைந்த நாளில் இருந்த ஒவ்வொரு பங்குதாரரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. பங்குதாரர் இறந்திருந்தால் அவருடைய சட்டப்படியான பிரதிநிதியும் அப்படியே.

முழுத் தொகைக்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். "என் பங்கு மூன்றில் ஒன்று, அதை மட்டும் கட்டுகிறேன்" என்று சொல்ல முடியாது. ஒருவர் துபாய் போய்விட்டார், ஒருவர் கைவிரித்துவிட்டார் என்றால், ஊரில் சொந்த வீடு வைத்திருப்பவரிடம் முழுவதையும் வசூலிக்கத் துறைக்கு உரிமை உண்டு. கட்டியவர் மற்ற இருவரிடமும் தன் செலவில் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே எங்கள் முதல் அறிவுரை: கடைசிப் பைசா வரை பிரித்துக்கொள்ளாதீர்கள். 1932ஆம் ஆண்டின் கூட்டு வணிகச் சட்டம் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறது. முதலில் வெளியாரின் கடன், அடுத்து பங்குதாரர் கடனாகக் கொடுத்த பணம், அதன் பிறகு அவரவர் முதல், மிஞ்சினால் லாபப் பங்கு. மையித்தின் கடனை அடைத்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்று நாம் பின்பற்றும் ஒழுங்கும் இதைப் போன்றதே. அரசுக்குரிய வரியும் ஒரு கடன். கடைசி ரிட்டர்ன் போட்டு, ஜி.எஸ்.டி. முடிந்து, பாக்கி இல்லை என்று தெரியும் வரை ஒரு தொகையைக் கூட்டு வங்கிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். பொறுப்பாளர் ஒருவரை எழுத்தில் நியமியுங்கள்.

அந்தப் பொறுப்பாளர் வரித்துறை இணையதளத்தை மாதம் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். இப்போது நோட்டீஸ் தபால்காரர் கையில் வருவது அரிது. பதிவு செய்த மின்னஞ்சலுக்கும் இணையதளத்துக்கும்தான் வருகிறது. அந்த மின்னஞ்சல் பழைய கணக்கர் உருவாக்கியதாக இருந்தால், கடை மூடிய பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. பதிலில்லாமல் உத்தரவு போடப்பட்டு, வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகே விஷயம் தெரிகிறது.

ஒரு மாதக் கெடு

வருமான வரியைவிட ஜி.எஸ்.டி.யில் கெடு இறுக்கமானது. விலகுகிற பங்குதாரர், விலகிய தேதியை அவரோ நிறுவனமோ ஆணையருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 90 கூறுகிறது. ஒரு மாதத்துக்குள் தெரிவித்தால் விலகிய நாள் வரைதான் பொறுப்பு. தெரிவிக்காவிட்டால், தெரிவிக்கும் நாள் வரை பொறுப்பு நீண்டுகொண்டே போகும். நீங்கள் கடைப் பக்கமே போகாத இரண்டு ஆண்டுகளுக்கு அங்கே போட்ட பில்களின் வரியும் உங்கள் தலையில் ஏறும்.

"அவர் பார்த்துக்கொள்வார்" என்று மற்றவர்களிடம் இதை விட்டுவிடாதீர்கள். விலகல் பத்திரத்தின் நகலோடு நீங்களே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையோ பதிவுத் தபால் ரசீதையோ வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனமே கலைந்தால் ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்ய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இருப்பில் உள்ள சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர். 10 என்ற இறுதி ரிட்டர்ன் போட வேண்டும். ஒரு பங்குதாரர் வியாபாரத்தை முழுமையாக எடுத்து நடத்தினால், மீதியுள்ள உள்ளீட்டு வரியை அவருடைய புதிய பதிவுக்கு மாற்ற ஐ.டி.சி. 02 என்ற படிவம் உண்டு. ஆடிட்டரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள்.

வருமான வரி அதிகாரிக்கும் கடை மூடிய 15 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது பிரிவு 176. நிறுவனம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலும் தெரிவித்து, அரசிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதுவரை உங்கள் பெயரை நம்பிச் சரக்கு கொடுப்பவருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ரொக்கமாக வாங்காதீர்கள்

பங்கைப் பிரிக்கும்போது துணிப்பையில் கட்டுக் கட்டாகக் கொடுத்து வாங்குவது நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஒருவரிடமிருந்து ஒரு நாளிலோ, ஒரே விவகாரத்துக்காகவோ 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. பிரிவு 269எஸ்.டி. வாங்கியவருக்கு, வாங்கிய அளவுக்கே அபராதம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனை ரொக்கமாக வாங்குவதற்கும் திருப்புவதற்கும் இதே போன்ற தடை உண்டு. வட்டியில்லாக் கைமாற்று என்றாலும் அது கடன்தான். சொந்தத் தம்பியானாலும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். கணவரின் கடைக்காக நகையை விற்றுக் கொடுத்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அந்தப் பணம் எந்தப் பெயரில் கணக்கில் ஏறியது என்று கேளுங்கள். கணவரின் முதல் என்று ஏறியிருந்தால் கடை கலையும்போது கடைசி வரிசையில் நிற்கும். உங்கள் பெயரில் கடன் என்று ஏறியிருந்தால் முதல் வரிசையில் வரும். உங்கள் சொத்து உங்கள் சொத்தாகவே இருப்பதற்கு அந்த ஓர் எழுத்து போதும்.

பங்குதாரர் மவ்த்தாகிவிட்டால்

பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் ஒரு பங்குதாரரின் மறைவோடு கூட்டு கலைகிறது. இரண்டு பேர் கூட்டென்றால் எப்படியும் கலைந்ததுதான். இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு அவருடைய பான் எண்ணில் ரிட்டர்ன் போட வேண்டும். வாரிசுகளில் ஒருவர் இணையதளத்தில் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்துகொண்டு அதைப் போடலாம். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இருவரின் பான் எண்கள் ஆகியவை வேண்டும்.

வாரிசுகள் பயப்பட வேண்டாம். இறந்தவரின் வரிக்கு அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் அவர்கள் பொறுப்பு. தாயின் சொந்த நகையையோ மகனின் சம்பளத்தையோ அதற்காகக் கேட்க முடியாது. வாரிசுரிமையாக வந்த தொகைக்கு வாங்கியவர் வரி கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் வரி பாக்கி இருக்கும்போதே சொத்தைப் பிரித்து விற்றுவிட்டால் அந்த மதிப்புக்கு அவர்கள் சொந்தமாகப் பொறுப்பாவார்கள். வாரிசுப் பங்கு பிரிக்கும் முன் நிறுவனத்தின் வரி நிலையைக் கேட்டறிய வேண்டும் என்று ஜமாஅத் பெரியவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

இத்தாவில் இருக்கும் சகோதரிக்கு நான்கு மாதமும் பத்து நாளும் உண்டு. அரசின் கெடு தேதி அதற்காக நிற்பதில்லை. அந்த நாட்களில் மகனோ சகோதரரோ பேத்திக்குப் படித்த பிள்ளையோ இந்த வேலையைப் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும். துஆச் செய்ய வருகிறவர்களில் ஒருவராவது, "ரிட்டர்ன் போட்டாச்சா?" என்று கேட்பதும் ஓர் உதவி.

கையெழுத்துப் போடும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிரிந்த பிறகு பழைய கடைக்குப் போய்க் கணக்குப் புத்தகம் கேட்பது எளிதல்ல. பேச்சு நல்லபடியாக இருக்கும்போதே இவற்றின் நகல்களை வாங்கிவிடுங்கள்:

1. முதல் பத்திரம், திருத்தப் பத்திரங்கள், தேதியும் பங்கும் எழுதிய விலகல் அல்லது கலைப்புப் பத்திரம்.
2. பிரிந்த நாள் வரையிலான ஐந்தொகை, லாப நட்டக் கணக்கு, உங்கள் பெயரிலுள்ள முதல் கணக்கின் பேரேட்டு நகல்.
3. நிறுவனத்தின் முந்தைய ஆண்டுகளின் ரிட்டர்ன்களும், வரி கட்டிய சலான்களும், நிலுவையிலுள்ள நோட்டீஸ்களும்.
4. உங்களுக்குப் பிடித்த டி.டி.எஸ்.க்கான படிவம் 16ஏ. அது உங்கள் 26ஏ.எஸ். அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.
5. ஜி.எஸ்.டி. ஆணையருக்கும் வருமான வரி அலுவலகத்துக்கும் கொடுத்த கடிதங்களின் ஒப்புகை.
6. வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால், அதிலிருந்து விடுவித்ததற்கான வங்கியின் கடிதம்.
7. பங்குத் தொகை வங்கி வழியாக வந்ததைக் காட்டும் பாஸ்புத்தகப் பக்கம்.

எட்டு ஆண்டுக்கு இவை பீரோவில் இருக்கட்டும். கடை மூடிய மறு ஆண்டே பழைய நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நிர்ணயம் முடிந்த ஆண்டைக்கூடத் துறை மீண்டும் திறக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

அன்பானவர்களே, கூட்டு முறிவது அவமானம் அல்ல. ஆனால் ஒருவர் கட்டாமல் விட்ட வரிக்கு இன்னொருவர் வீட்டை விற்பது அநீதி. அது தெரிந்தும் மௌனமாக இருப்பது அமானத்துக்கு மாறானது. நீங்கள் வெளியே வருகிறவராக இருந்தால் தேதியை எழுதித் தெரிவியுங்கள். தொடர்ந்து நடத்துகிறவராக இருந்தால், வெளியே போன சகோதரரின் பெயரை எல்லாப் பதிவுகளிலிருந்தும் நீக்கி, அந்த ஒப்புகையை அவர் கையில் கொடுங்கள். அது அவருக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடைசிக் கடமை.

கடந்த ஐந்து ஆண்டுகளில் கூட்டிலிருந்து விலகியவர்களும், பங்குதாரராக இருந்து மறைந்தவர்களின் குடும்பத்தாரும் கலைப்புப் பத்திரத்தையும் பான் அட்டையையும் எடுத்துக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தக் கடிதம் கொடுக்கப்பட்டது, எது விட்டுப்போனது என்று சேர்ந்து பார்ப்போம். விட்டுப்போனதை இன்றாவது கொடுத்தால், பொறுப்பு இன்றோடு நிற்கும். ரிட்டர்ன் தயாரிக்கும் வேலையை உங்கள் ஆடிட்டரே செய்யட்டும். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை எழுதித் தருவது எங்கள் வேலை.

அல்லாஹ் நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக. சேர்ந்திருப்பவர்களின் உள்ளங்களை இணைத்து வைப்பானாக. பிரிந்தவர்களுக்கு மத்தியில் நியாயத்தை நிலைநிறுத்துவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.